சுறாவின் அரைஞாண்

ஆறு டன் கல்லைத் தூக்குவது பெரிய காரியமில்லை. இறக்கி வைத்த பிறகு, அடியில் மாட்டிக்கொள்ளும் தூக்கு பெல்ட்டை எப்படி உருவுவது என்பதுதான் ஜெசிந்தாவுக்குப் பிடிபடவில்லை. வடக்கே ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தில் நடந்த சிற்ப முகாமில் அவள் செதுக்கிய கருங்கல் சுறாத்துடுப்பு கிரேனில் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் அடி பீடத்தோடு இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும். மாலையில் கிரேன் போய்விடும். அதற்குள் நிற்காத சிற்பம் கொட்டகைக்குத்தான்.

“பெல்ட்டோடயே விடுவமோ அக்கா? சுறாவுக்கு அரைஞாண் எண்டு சொல்லலாம்” என்றான் கிரேன் ஓட்டிய யாழ்ப்பாணத்துக் குகதாசன்.

“பேச்சக் குறைச்சிட்டு ஆடாமப் பிடி, தம்பி.”

மரக்கட்டைகளின்மேல் இறக்கினால் பெல்ட் வந்துவிடும். ஆனால் கட்டைகளை எடுக்க மறுபடி தூக்க வேண்டும், அதற்கு மறுபடி பெல்ட் வேண்டும். கல்லைத் தாங்கிவிட்டுத் தானே விலகிப்போகிற கட்டை எங்கே கிடைக்கும்? எதிரே மீன் ஏலக்கூடம் இருந்தது. தூத்துக்குடியில் அப்பா ஐஸ் போட்டு விளிம்புவரை அடுக்கி லாரியில் ஏற்றும் சீலா மீன், போய்ச் சேரும்போது பெட்டிக்குள் ஒரு சாண் இறங்கியிருக்கும்.

“தம்பி, அரைஞாணக் கழட்டிருவோம்” என்றாள்.

பீடத்தின் நான்கு மூலைகளிலும் ஏலக்கூடத்திலிருந்து வாங்கி வந்த, ஒரே உயரமுள்ள ஐஸ் கட்டிகளை வைத்தாள். பீடத்தின் நடுவிலிருந்த இரும்புக் கம்பி கல்லின் துளைக்குள் நுழைய, கல்லை அவற்றின்மேல் இறக்கினார்கள். பெல்ட் சுலபமாக உருவிக்கொண்டு வந்தது. இனி ஐஸ் கரையக் கரைய, கம்பியைப் பிடித்தபடி கல் தானாக இறங்கிப் பீடத்தில் உட்காரும்.