துக்க ஊட்டுல கேக் வாசம்

தீபாவளியன்னிக்கு மத்தியானம். சென்னம்மா அதிரசத் தட்டோட என் ஊட்டுக்குள்ள வந்தவ, தட்டைக் கீழ வைக்கறதுக்குள்ள ஆரம்பிச்சுட்டா.

"ஏனுங்க பூவாயிக்கா, வாசம் வரலீங்களா உங்களுக்கு?"

வராம என்ன? ஏலக்காய், பட்டை, கிராம்பு, வெண்ணெய் எல்லாஞ் சேந்து லைன் பூரா மணக்குது. எங்க காப்பி எஸ்டேட் லைன்ல மொத்தம் எட்டு ஊடு. அதுல ஓவன் இருக்கறது நடு ஊட்டு மலருகிட்ட மட்டுந்தான். நாகலூர்ல யாரு ஊட்டுப் புள்ளைக்குப் பொறந்தநாள்னாலும், பழம் முந்திரியெல்லாம் போட்டு அவதான் கப் கேக் செஞ்சு குடுப்பா.

"யாராச்சும் ஆர்டர் குடுத்திருப்பாங்க"ன்னேன்.

"குடுத்தா? இவ செஞ்சுருவாளா? ஆடியிலதான் சக்திவேலு நெஞ்சு வலின்னு போயிச் சேந்தான். மூணு மாசந்தான் ஆகுது. வருசம் திரும்பற வரைக்கும் ஊட்டுல பலகாரம் செய்யக்கூடாதுன்னு தெரியாதா அவளுக்கு?"

பின்னாடியே கண்ணாயியும் முறுக்குத் தட்டோட வந்து சேந்தா.

"புருசன் போன துக்கம் இவ்வளவுதான் போல. இனிமே அவ ஊட்டுல பச்சைத் தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டோம்னு சொல்லிப்போடுங்க அக்கா. நீங்க சொன்னாத்தான் அவளுக்கு உறைக்கும்."

எனக்கும் ஆத்திரந்தான். சக்திவேலு எங்க எஸ்டேட் ஜீப் ஓட்டினவன். தங்கமான பையன். எனக்குக் காய்ச்சல்னு ஒரு மழையில ஏற்காடு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயி, கூடவே உக்காந்திருந்து கூட்டியாந்து உட்டவன். அவனைக் கெடத்தி வெச்சிருந்த ஊட்டுல கேக்கா? முந்தானையை இழுத்துச் செருகிக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

மலரு அப்பத்தான் ஓவனைத் திறந்து தட்டை வெளிய எடுத்தா. பன்னெண்டு கேக்கு, நல்லா உப்பி, மேல திராட்சையும் முந்திரியும் தெரிய நின்னுச்சு. அவ கண்ணு செவந்து வீங்கிக் கெடந்துச்சு. ஓவன் சூடுன்னு நெனச்சுக்கிட்டேன்.

"ஏண்டி மலரு, நல்லது கெட்டது தெரியாதா உனக்கு?"

"அக்கா, மெதுவாப் பேசுங்க. பாப்பா உள்ள இருக்குது."

"இருந்தா இருக்கட்டும். அதுவும் தெரிஞ்சுக்கட்டும். துக்க ஊட்டுல எண்ணெய்ச்சட்டி வைக்கலாமாடி?"

"எண்ணெய்ச்சட்டி வைக்கலீங்க அக்கா. ஓவன்லதான்..."

அடி ஆத்தி! என்கிட்டயே சட்டம் பேசறாளே இவ. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோவம் வந்துச்சோ.

"லைனே காறித் துப்புது. இனிமே ஒருத்தரும் உன் ஊட்டுப் படி ஏற மாட்டாங்க. என்னையுஞ் சேத்துத்தான் சொல்றேன். ஆம்பளை இல்லாத ஊடு. நாளைக்கு உன் புள்ளைக்கு ஒன்னுன்னா யாருடி வருவா? அதை நெனச்சுப் பாத்தியா?"

அவ நிறுத்தலை. கேக்கை ஒன்னொன்னா எடுத்து வேற தட்டுல வெச்சுக்கிட்டே இருந்தா.

"அதை நெனச்சுத்தானுங்க அக்கா செஞ்சேன்"ன்னு முனகினா.

"என்ன எழவோ போ. யாருக்குடி இத்தனை?"

அதுக்குள்ள அவ மக ஹரிணி உள்ள இருந்து ஓடியாந்து என் இடுப்பைக் கட்டிக்கிச்சு. ரெண்டாப்புப் படிக்கற புள்ள. ஊரே புதுத்துணியில மினுங்குது, அது பழைய கவுனோட நிக்குது.

"பெரியம்மா, வந்துட்டீங்களா! வெந்துருச்சு பாருங்க. காலைல நான் நொம்ப அழுதுட்டேன்."

"எதுக்குச் சாமி?"

"அப்பா செத்த வருசம் நம்ம ஊட்டுல பலகாரம் செய்யக்கூடாது, அக்கம்பக்கத்துலதான் கொண்டாந்து குடுப்பாங்கன்னு அம்மா சொல்லியிருந்தாங்க. நான் விடிஞ்சதுல இருந்து வாசல்லயே உக்காந்திருந்தேன். எல்லாரும் தட்டு எடுத்துக்கிட்டு எங்க ஊட்டைத் தாண்டித் தாண்டிப் போனீங்க. நம்மள யாருக்கும் புடிக்கலையாம்மான்னு கேட்டேன். அப்பறந்தான் அம்மா சொன்னாங்க."

மலரு தலையைத் தூக்கி என்னைப் பாத்தா. வேண்டாமுங்கன்னு கும்புடற மாதிரி ஒரு பார்வை.

"என்ன சொன்னாங்க கண்ணு?" எனக்குக் குரல் எறங்கிப் போச்சு.

"நீங்கெல்லாம் நேத்தே குடுத்துட்டீங்களாமே! உங்க ஊட்டுலெல்லாம் ஓவன் இல்லைன்னு எங்களையே வேக வெச்சுக்கச் சொன்னீங்களாம். கண்ணாயி அத்தை திராட்சை குடுத்தாங்களாம். சென்னம்மா அத்தை ஏலக்காயும் கிராம்பும் குடுத்தாங்களாம். அதனால நாங்க சாப்பிடலாமாம், தப்பில்லையாம்."

எனக்கு வெக்கத்துல உசுரே போச்சு. என் ஊட்டுல ரெண்டு டின்னு முறுக்கு இருக்குது. எதுத்த ஊட்டுக்காரி குடுத்திருப்பான்னு நான் இருந்தேன். நான் குடுத்திருப்பேன்னு அவ இருந்திருப்பா.

ஹரிணி இருக்கறதுலயே பெரிய கேக்காப் பாத்துப் பொறுக்கி எங் கையில வெச்சுச்சு.

"முந்திரி பூராவும் நீங்க குடுத்ததாமே, பெரியம்மா?"

"ஆமாஞ் சாமி"ன்னு சொல்லிட்டு அங்கயே உக்காந்து அதைத் தின்னேன். சக்திவேலு போனதுக்கப்புறம் அந்த ஊட்டுக்கு நான் குடுத்தது அந்த ஒரு பொய் மட்டுந்தான்.