வேரில் உப்பு

வீட்டு முன் புல்வெளி நடுவே தனியாக நின்ற தொங்கு சைப்ரஸ் மரம் நுனியெல்லாம் காய்ந்து வந்தது. நர்சரிக்காரர் வேரடி மண்ணைக் கிள்ளி, நாக்கில் வைத்துத் துப்பினார்.

"உப்பும்மா. யாரோ தினமும் கொட்டுறாங்க."

"பக்கத்து வீட்டுக்காரர்தான்! நிழல் விழுதுன்னு ஆரம்பத்துலேர்ந்தே கரிச்சுக் கொட்டினார். இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்."

கேட்டை நோக்கிப் பாய்ந்தவளைக் கணவன் மறித்தான். "அவசரப்படாதே."

"அஞ்சு வருஷமா முட்டுக்கம்பு வெச்சு, கிளை கிளையாக் கட்டி நிமிர்த்தி வளர்த்திருக்கேன். சும்மா விடச் சொல்றீங்களா?"

"அம்மா..."

பள்ளிக்கூடம் கிளம்பிய மகள் வாசற்படியில் நின்றாள்.

"அவர் இல்லம்மா. நான்தான் போட்டேன்."

அம்மா கையை ஓங்கினாள். "அடிப்பாவி! உன் அக்காவோட சாம்பல் மேல நட்ட மரம்டி அது!"

"தெரியும்மா. தினமும் அதுகிட்டதானே பேசுற? அதுவும் செத்துட்டா என்கிட்ட பேசுவியோன்னு நினைச்சேன்."

ஓங்கிய கை அந்தரத்திலேயே நின்றது.

மகளின் யூனிஃபார்ம் பாவாடை முழங்காலுக்கு வெகு மேலே ஏறியிருந்ததை அவள் அப்போதுதான் பார்த்தாள். அதைத் தைத்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.