வாரத்தில் எத்தனை நாள் கீரை?

மேசையைச் சுற்றி மூன்று பேர். சன்னலோரம் தையல்காரி, எதிரே அவள் புருஷன், கதவுப் பக்கம் செருப்பைக்கூடக் கழற்றாமல் மகள். நடுவில் கண் மருத்துவர் கொடுத்தனுப்பிய கேள்வித்தாள். அதன்மேல் காலை வெயில் சாய்ந்து கிடக்கிறது. சில மாதமாகத் தையல்காரிக்கு நேர்கோடெல்லாம் நடுவில் நெளிகிறது. ஊசி இருக்கும் இடத்தில் ஒரு மங்கல்தான் இருக்கிறது. வாரத்தில் எத்தனை நாள் கீரை, மஞ்சள் சோளம் என்று தாள் கேட்கிறது. அவற்றில் உள்ள நிறமிகள் விழித்திரையின் நடுவில் படிந்து, கெடுக்கும் ஒளியை வடிகட்டும் என்று மருத்துவர் சொன்ன நாளிலிருந்து புருஷனுக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணமான புதிதில் கீரைக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, "இந்த வாடையே வீட்டுல வரக்கூடாது" என்றவர் அவர்தான். இருபத்தாறு வருஷமாக வரவில்லை.

"மூணு நாள்னு போடுங்க. டாக்டர் வந்து சட்டியத் திறந்தா பாக்கப்போறாரு?" என்று சிரிக்கிறாள் தையல்காரி. "சீக்கிரம்பா, தபால் எடுத்துடுவாங்க" என்கிறாள் மகள். கீரை சாப்பிடாதது ஒன்றால் மட்டும் இந்த நோய் வராது என்றும் மருத்துவர் சொல்லியிருந்தார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டும் புருஷனால் கரையேற முடியவில்லை. 'ஒரு நாளும் இல்லை' என்று எழுதுகிறார். கீழே, யாரும் கேட்காத இடத்தில், 'எனக்குப் பிடிக்காது என்பதால்' என்றும் எழுதி, அவளுக்காக உரக்கப் படிக்கிறார். அவள் சிரிப்பு நின்றுபோகிறது. "அத யாரு கேட்டா?" என்கிறாள் மெல்ல. அவர் உறையை ஒட்டுகிறார். தபால்தலையை அவளே வாங்கி, ஓரத்தை விரலால் தடவிப் பார்த்து ஒட்டுகிறாள். அது கோணலாக உட்காருகிறது.

"நேரா இருக்கா?"

"நேராத்தான் இருக்கு" என்று சொல்லி, மகள் கையில் கொடுத்தனுப்புகிறார்.