சுவரில்லாத கதவு

கடைக்குள் கதவுகள் சுவரே இல்லாமல் வரிசையாக நின்றன. வத்சலாவின் கணவர் தண்டபாணி ஒவ்வொன்றாகத் திறந்து, "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனார். "சரிங்க, பார்த்துப் போங்க" என்று அவளும் ஒவ்வொரு தடவையும் சொன்னாள். சொல்லாவிட்டால் அவர் வாசலிலேயே நின்றுவிடுவார்.

கடைக்காரர் ஓர் இரும்புக் கதவைத் தட்டிக் காட்டினார். "அபார்ட்மென்ட்டுக்கு இதைவிடப் பந்தோபஸ்து கிடையாதும்மா. கடப்பாரை போட்டு நெம்பினாலும் எந்தத் திருடனும் உள்ளே வர முடியாது."

"உள்ளே இருக்கிறவங்க?"

"அவங்களுக்குச் சாவியே வேண்டாம். கைப்பிடியைத் திருகினாப் போதும்."

"அப்போ இது வேண்டாம்" என்றாள் வத்சலா. "உள்பக்கமும் சாவி போட்டாத்தான் திறக்கிற மாதிரி காட்டுங்க."

கடைக்காரர் தண்டபாணியைத் திரும்பிப் பார்த்தார். அவர் சட்டைப் பைக்கு மேல் நூலால் தைத்திருந்த போன் நம்பரைப் படித்தார். பிறகு கோடியில் நின்ற கதவுக்குக் கூட்டிப் போய், சாவியை அவள் கையில் கொடுத்தார்.

தண்டபாணி அதையும் திறந்து, சொல்லிக்கொண்டு போனார். வத்சலா கதவைச் சாத்திப் பூட்டினாள். அப்புறம் அந்தப் பக்கமிருந்து மெதுவாகத் தட்டும் சத்தம் கேட்டது.

"வத்சலா, நான்தான். வந்துட்டேன்."

"சுத்தி வரச் சொல்லுங்கம்மா, சுவர்தான் இல்லையே" என்றார் கடைக்காரர்.

"வர மாட்டார். வாசல் வழியாத்தான் வருவார்."

அவள் பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மறுபடியும் தட்டினார்.

"இருங்க, வரேன்" என்று சொல்லிவிட்டு, சாவியை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.