மூன்றாவது மாடிப் புகார்

“இந்த வண்டிய வாங்காதீங்க பாய்,” என்றார் கோபாலசாமி.

பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த நெய்னா முகம்மது நிமிர்ந்து பார்த்தார். வேட்டியும் முண்டா பனியனுமாக ஒருவர் நின்றிருந்தார். லிஃப்டுக்குக் காத்திராமல் படியிறங்கி ஓடி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது.

வண்டி முத்துராமனுடையது. கம்பெனியில் ஆளைக் குறைத்துவிட்டார்கள். விசா கேன்சல் ஆகி, வியாழக்கிழமை ஊருக்கு ஃபிளைட். அதற்குள் இந்த ஸ்கைலைன் கார் விற்கவில்லையென்றால், அந்த வருஷம் ஷார்ஜாவின் மண் தரைகளில் எல்லாம் வேலை போனவர்கள் விட்டுப்போன கார்களோடு இதுவும் புழுதி மூடி நிற்கும். பார்க்க வந்த ஒரே ஆள் நெய்னா முகம்மதுதான்.

“நீங்க யாரு?” என்றார் அவர்.

“மேல மூணாவது மாடி. ரெண்டு வருஷமா இந்த வண்டியோட குடித்தனம் பண்றவன்.”

முத்துராமன் பல்லைக் கடித்தான். “சார், நீங்க மேல போங்க.”

“தெரிஞ்சு வாங்கட்டும்ப்பா. பாய், இது ஜப்பான்லேந்து வந்த பழைய வண்டி. ஸ்டியரிங் வலது பக்கம் இருந்தது, இங்க கொண்டாந்து இடது பக்கம் மாத்தினது. டர்போ வேற பெருசாப் போட்டிருக்கான். சைலன்சரப் பாத்தீங்களா, முழங்கை வரைக்கும் உள்ள போகும். ஸ்டார்ட் பண்ணா எங்க வீட்டு அலமாரில டம்ளரெல்லாம் ஆடும்.”

“டர்போ வண்டிய சூடாகவிட்டுத்தான் எடுக்கணும், பாய்,” என்றான் முத்துராமன்.

“அந்த உறுமல்தான் எனக்கு மனப்பாடமாச்சே,” என்றார் கோபாலசாமி.

முத்துராமன் பார்த்தது ராத்திரி டூட்டி. மாலையில் வண்டியை உறும விட்டுவிட்டு நிற்பான். கோபாலசாமி அப்போதுதான் ஆபீசிலிருந்து, மாதக் காசு கொடுத்துப் போய்வரும் ‘கார் லிஃப்ட்’ வண்டியில், நாலு பேரோடு நெருக்கியடித்து உட்கார்ந்து, வந்து இறங்கியிருப்பார். உடனே பால்கனியில் தலை தெரியும், திட்டு விழும். அவர் மனைவி ராதா, பிள்ளைகளின் காலேஜுக்காக சென்னைக்குப் போய்விட்ட பிறகு, புகார் தினசரி ஆனது. வேலை வெட்டி இல்லாத மனுஷன் என்று வாட்ச்மேன் சொன்னான்.

போன மாதம் பேட்டரி இறங்கி, வண்டி கிளம்பவில்லை. அன்றைக்கு அறைக் கதவையே வந்து தட்டிவிட்டார். “என்னப்பா, இன்னிக்கு சத்தத்தையே காணோம்?”

நக்கல் என்று நினைத்து முத்துராமன் கதவைச் சாத்தினான். அந்தக் கதவைத் தட்டி அவனை வேறு யாரும் கேட்டதில்லை. அறையில் கூட இருந்த மூன்று பேருக்கும் பகல் டூட்டி. அவர்களை அவன் பெரும்பாலும் போர்வைக்குள்தான் பார்த்திருக்கிறான்.

நெய்னா முகம்மது காரின் உள்ளே எட்டிப் பார்த்தார். “பக்கத்து சீட்டுல பிளாஸ்டிக் உறையே இன்னும் கிழிக்கலியே தம்பி. எப்ப மாத்துன சீட்டு?”

“வண்டி வாங்கினப்பவே மாத்தினது பாய். அதுல யாரும் உக்காந்ததில்ல.”

“இவரு சொல்ற சத்தத்துக்கு போலீஸ் கேஸ் ஏதும் இருக்கா?”

முத்துராமன் வாயைத் திறப்பதற்குள் கோபாலசாமி முந்திக்கொண்டார். “இதுவரைக்கும் இல்ல. நான் குடுக்கலை. உங்க பில்டிங்ல குடுப்பாங்க.”

நெய்னா முகம்மது பானெட்டை மெதுவாக இறக்கி மூடினார். “தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. வீட்டுல பச்சப்புள்ள இருக்கு. சரிப்படாது.”

அவருடைய வண்டி தெருமுனையில் திரும்பி மறைந்தது. முத்துராமன் கோபாலசாமியிடம் திரும்பினான். “திருப்தியா சார்? ரெண்டு வருஷம் மேல நின்னு திட்டினீங்க. ஊருக்குப் போறப்பவாவது விட்டிருக்கலாம்ல?”

கோபாலசாமி தரையைப் பார்த்தார். “அவர்கிட்ட என்ன விலை சொன்ன?”

சொன்னான்.

“அதையே நான் தரேன்.”

முத்துராமனுக்குச் சிரிப்பு வந்தது. “வாங்கி இரும்புக் கடைக்குப் போடப் போறீங்களா?”

“இல்ல.”

“அப்ப சைலன்சரக் கழட்டப் போறீங்க.”

“அதுல கை வெச்சா அப்புறம் இத எதுக்கு வாங்கணும்?”

முத்துராமன் அவரை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தான். கன்னத்தில் சவரம் விட்டுப்போன இடங்கள் வெள்ளையாக இருந்தன. மேலே பால்கனிக் கொடியில் ஒரே ஒரு சட்டை காய்ந்துகொண்டிருந்தது.

“உங்களுக்குத்தான் ஓட்டவே தெரியாதே சார். லைசென்ஸ் இல்லாம எப்படிப் பேர் மாத்துவீங்க?”

“கம்பெனி பேர்ல மாத்திக்கலாம். கவர்மென்ட் பேப்பர் வேலையெல்லாம் பாக்கற எங்க பி.ஆர்.ஓ. கிட்டப் பேசிட்டேன். வண்டி இங்கயேதான் நிக்கும். இதே இடத்துல.”

“சும்மா நிறுத்தி வெக்கவா?”

கோபாலசாமி கையை நீட்டினார். முத்துராமன் சாவியை அதில் வைத்தான். அவர் கதவைத் திறந்து, உடம்பைக் குறுக்கி, தாழ்ந்த சீட்டில் மெல்ல இறங்கி உட்கார்ந்தார். ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். பிறகு பக்கத்து சீட்டைக் காட்டினார்.

பிளாஸ்டிக் உறை மொரமொரக்க, முத்துராமன் முதல்முறையாக அதில் உட்கார்ந்தான்.

“ஓட்டல்லாம் வேணாம்ப்பா. ஸ்டார்ட் பண்ண மட்டும் சொல்லிக் குடுத்துட்டுப் போ.”