தடுத்து வைத்த எண்கள்

புந்தோங்கில் ஒரு கைப்பேசிக் கடையின் கண்ணாடி மேசைமேல் சன்னாசியின் ஹெல்மெட் மழைநீரைச் சொட்டிக்கொண்டிருக்கிறது. உறை மஞ்சளேறிப்போன அவருடைய போனைக் கடைப்பெண் கலாதேவி நகத்தால் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள். "போலீசு, கோர்ட்டுன்னு மிரட்டிக் காசு பறிக்கிறவனுங்க ஓயாம போன் அடிக்கிறானுங்கம்மா. வந்ததையெல்லாம் பிளாக் பண்ணேன். அதுல எம்மக நம்பரும் போயிருக்கும்லா. நான் அடிச்சா எடுக்கல. அவ திரும்ப அடிச்சிருப்பா, எனக்குத்தான் வரல. எட்டு மாசமாச்சு." ஜோகூரில் இருக்கும் மகள் தினேஸ்வரியின் எண்ணை எழுதிய அர்ச்சனைச் சீட்டு அவர் விரலிடுக்கில் ஈரமாக ஒட்டியிருக்கிறது. கலாதேவி அதை வாங்கி, தடுத்து வைத்த நாற்பத்தொரு எண்களோடும் இரண்டு முறை ஒத்துப் பார்க்கிறாள். விசிறிக் காற்றில் சார்ஜர் ஒயர்கள் லேசாக ஆடுகின்றன. "இதுல இல்ல அங்கிள். அவங்க நம்பர் பிளாக் ஆகவே இல்ல." சன்னாசி தலையாட்டுகிறார். கூரைத் தகரத்தில் மழை ஒரே சீராக விழுகிறது. ஹெல்மெட்டடியில் தேங்கிய நீரைக் கைக்குட்டையால் ஓரம் விடாமல் துடைக்கிறார். துடைத்து முடித்ததும், மேசைமேல் கிடக்கும் சீட்டை அவள் பக்கம் நகர்த்துகிறார்.

"அப்ப இந்த நம்பரையும் அதுல போட்டுரும்மா."