சர்வருக்குள் வளரும் குழாய்கள்

கும்மிடிப்பூண்டி வார்ப்பட ஆலையில், எல்லோருடைய கோப்புகளையும் சுமக்கும் சர்வரின் முன், அதன் கோளாறைப் பார்க்க வந்த சிஃபா அமர்ந்திருக்கிறாள். அவள் மவுஸைத் தொட்டால் சர்வருக்கு வேகம் வருகிறது; எழுந்து போனால் மந்தமாகிவிடுகிறது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால், தன் கணினியில் லாரிக்கான சலான் திறக்காமல், சரக்கு அனுப்பும் மோகன்ராஜ் தவிக்கிறார். "கேட்டை மூடிட்டா சரக்கு நாளைக்குத்தாம்மா. நீ அங்கியே குந்திக்கினு இரு, போதும்." "குந்திக்கினே இருந்தா எப்பிடிண்ணே கண்டுபிடிக்கிறது?" அவள் கையை எடுத்துவிட்டுக் காத்திருக்கிறாள். திரை இருள்கிறது. வண்ணக் குழாய்கள் முளைத்து, வளைந்து, ஒன்றையொன்று பின்னிக்கொண்டு திரையை நிறைக்கின்றன. வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று மேலாளர் வைக்கச்சொன்ன, யாரும் தொடாதபோது தானே ஓடும் ஸ்கிரீன் சேவர். அவற்றை வரைவதிலேயே சர்வரின் சக்தியெல்லாம் போக, பெட்டிக்குள் விசிறி இரைகிறது. "இன்னாம்மா, மறுபடி நின்னுபோச்சி?" "இருங்கண்ணே, ஆளு மாட்டிக்கினான்." ஸ்கிரீன் சேவரை நீக்குகிறாள், இரைச்சல் தணிகிறது. பிரிண்டர் சலானை இழுக்கத் தொடங்குகிறது. சிஃபா எழுந்து, நாற்காலியைவிட்டு மெல்ல விலகி நிற்கிறாள். பிரிண்டர் நிற்கவில்லை.